பேட்டாவும் மிச்சமாகணும், உடம்பும் கெடக்கூடாது... திருப்பூருக்கு வேலையாகப் போறவங்க என்ன சாப்பிடலாம்?

காலையில் 4 இட்லி. 11 மணிக்கு ஒரு டீ, ஒரு பன். மதியம் வேலை முடியாததால் 3 மணிக்கு ஒரு லெமன் சாதம் பார்சல். சாயங்காலம் மறுபடியும் டீ, கூட ரெண்டு பஜ்ஜி. ராத்திரி 10 மணிக்கு லாட்ஜுக்குக் கீழே இருக்கிற கடையில் 3 பரோட்டா, சால்னா.

திருப்பூருக்கு வேலையாக வந்துபோகும் பலருக்கு இந்தப் பட்டியல் புதுசு இல்லை. வயிறு நிறைந்துவிடும். ஆனால் ரெண்டாவது நாளே நெஞ்செரிச்சல், மூணாவது நாள் மலச்சிக்கல், மதியத்துக்கு மேல் அசதி. மாதத்தில் பத்து, பதினைந்து நாள் இப்படியே போனால் எடை, சுகர், பிபி எல்லாம் மெதுவாக ஏறும்.

"நல்லதா சாப்பிடணும்னா காசு ஆகுமே, கம்பெனி கொடுக்கிற பேட்டாவுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கட்டுப்படியாகும். எப்படி என்பதைக் கணக்கோடு பார்க்கலாம்.

யாருக்கு இந்தப் பிரச்னை?

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரில் இருந்துதான் போகிறது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங், பேக்கிங் என ஒரு பனியன் தயாராவதற்குள் பல கம்பெனிகளின் கையை மாறுகிறது. அதனால் இந்த ஊருக்குள் தினமும் வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

பையிங் ஏஜென்சியில் இருந்து ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் க்யூசி, ஆர்டர் ஃபாலோ செய்ய வரும் மெர்ச்சண்டைசர், தையல் மெஷின் சர்வீஸுக்கு வரும் மெக்கானிக், நூல், சாயம், பட்டன், லேபிள் விற்க வரும் சேல்ஸ் ஆட்கள், காதர்பேட்டையில் மொத்தமாகத் துணி எடுக்க வரும் சின்னக் கடைக்காரர்கள், சரக்கு ஏற்ற வரும் லாரி டிரைவர்கள். இது போக, வேலை தேடி வந்து ரூம் எடுத்துத் தங்கும் வெளி மாவட்ட, வெளி மாநிலத் தொழிலாளர்கள்.

இவர்களில் பலருக்கு சாப்பாட்டுக்காகக் கிடைப்பது தினப்படி, அதாவது பேட்டா. சாப்பிட்டது போக மிச்சம் அவர்களுக்கே. அந்த மிச்சம்தான் பல வீடுகளில் பிள்ளையின் வேன் ஃபீஸாகவோ, வண்டி டியூவாகவோ போகிறது. அதனால் டூரில் முதலில் கைவைப்பது சாப்பாட்டில்தான். இதைத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எதில் மிச்சம் பிடிக்கிறோம் என்பது முக்கியம்.

கம்பெனிகளின் வேலை நேரமும் ஒரு காரணம். காலை 8.30 மணிக்கு ஷிப்ட் ஆரம்பித்தால், ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் இரவு 8.30 ஆகிவிடும். ஷிப்மென்ட் நெருக்கடி என்றால் அதற்கு மேலும் போகும். பெருமாநல்லூர் பக்கம் இருக்கும் நேதாஜி அப்பேரல் பார்க், முதலிபாளையம் சிட்கோ மாதிரி ஊருக்கு வெளியே இருக்கும் இடங்களில் மாட்டிக்கொண்டால், சாப்பிட நல்ல கடை தேடிப் போகவே நேரம் இருக்காது. கேட்டுக்கு வெளியே இருக்கிற டீக்கடைதான் கதி.

ஒரு நாளைக்கு உடம்புக்கு என்ன தேவை?

ஐ.சி.எம்.ஆர் அமைப்பின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களை 2024 மே மாதம் புதுப்பித்து வெளியிட்டது. 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது சொல்லும் ஒரு நாள் தட்டு இது:

- அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம்
- பருப்பு, பயறு 85 கிராம் (அசைவம் சாப்பிடுபவர்கள் இதில் ஒரு பங்கை முட்டை, மீன், கறியாக மாற்றிக்கொள்ளலாம்)
- காய்கறி 400 கிராம், அதில் கீரை 100 கிராம்
- பழம் 100 கிராம்
- பால் அல்லது தயிர் 300 மில்லி
- வேர்க்கடலை, எள் போன்ற கொட்டை, விதை வகைகள் 35 கிராம்
- எண்ணெய் 27 கிராம்

தானியங்களின் அளவு சமைப்பதற்கு முந்தைய எடை. இதுபோக உப்பு 5 கிராமுக்குள், மேலே சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டுதல்.

புரதம் எவ்வளவு? சராசரி ஆரோக்கியமான ஒருவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். அதாவது 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு சுமார் 54 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு சுமார் 46 கிராம்.

டூர் சாப்பாட்டில் எது குறைகிறது?

இப்போது முதலில் சொன்ன பட்டியலுக்கு வருவோம். தோராயமான கணக்குதான், ஆனால் விஷயம் புரியும்.

- 4 இட்லி, சாம்பார்: புரதம் 10 முதல் 11 கிராம்
- ரெண்டு டீ, ஒரு பன்: 6 கிராம்
- ஒரு லெமன் சாதம்: 7 கிராம்
- ரெண்டு பஜ்ஜி: 3 கிராம்
- 3 பரோட்டா, சால்னா: 14 கிராம்

மொத்தம் 40 கிராம் சொச்சம். 54 கிராம் தேவைப்படுகிறவருக்கு 13, 14 கிராம் துண்டு விழுகிறது. கிடைத்ததிலும் பெரும்பங்கு அரிசியிலும் மைதாவிலும் இருந்து வருவது. தானியப் புரதம் மட்டும் தனியாக இருந்தால் உடம்பு அதை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளாது. பருப்பு, பால் அல்லது முட்டை கூடச் சேர வேண்டும்.

அதைவிடப் பெரிய ஓட்டை காய்கறியும் பழமும். 400 கிராம் காய், 100 கிராம் பழம் இருக்க வேண்டிய இடத்தில், சாம்பாரில் மிதக்கும் ரெண்டு முருங்கைக்காய்த் துண்டுதான் இருக்கிறது. மலச்சிக்கலுக்கும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே மறுபடி பசிப்பதற்கும் நார்ச்சத்து இல்லாததும் ஒரு முக்கியக் காரணம்.

இப்போது அதே பட்டியலில் 2 வேகவைத்த முட்டையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் சேருங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 30 கிராம் வேர்க்கடலையில் 7 கிராம். மொத்தம் 19 கிராம் கூடுகிறது. துண்டு விழுந்தது அடைந்துவிட்டது. கடையில் வாங்கும் முட்டை பத்து ரூபாய்க்குள் கிடைக்கிறது. வேர்க்கடலையையும் சேர்த்தால் கூடுதல் செலவு 30 ரூபாய் பக்கம்தான். அந்த ரெண்டு பஜ்ஜியையும் பன்னையும் விட்டுவிட்டால் அந்தக் கூடுதல் செலவும் பெரும்பாலும் ஈடாகிவிடும்.

ஆக, டூரில் வயிற்றை நிரப்ப ஆகும் காசு ஏற்கெனவே செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. அதை அரிசி, மைதா, எண்ணெயில் இருந்து கொஞ்சம் முட்டை, பயறு, காய், பழம் பக்கம் திருப்புவதுதான் வேலை.

காலை: இட்லி நல்லதுதான், ஆனால் தனியாக விடாதீங்க

வெளியூரில் காலைச் சாப்பாட்டுக்கு இட்லியைவிடப் பாதுகாப்பானது கம்மி. ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லை, சூடாக வருகிறது. 5 இட்லி சாப்பிடுபவர் 3 இட்லியும் ஒரு முட்டையும் என்று மாற்றிக்கொள்ளலாம். சட்னியைவிட சாம்பாரை அதிகம் வாங்குங்கள், அதில் பருப்பு இருக்கிறது. பொங்கல், பூரி, வடை மூன்றையும் ஒரே இலையில் வாங்குவது அரிசி, மைதா, எண்ணெய் மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்குவது மாதிரி.

முட்டைக்கு இந்தப் பகுதியில் பஞ்சம் இல்லை. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்தில்தான் இருக்கிறது. கறிக்கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன பல்லடம் திருப்பூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. கொங்குப் பக்கம் பிரபலமான கலக்கி ருசியாக இருக்கும், ஆனால் அரைவேக்காடு. தெரியாத கடையில், வெயில் காலத்தில், நாளைக்கு ஒரு இன்ஸ்பெக்‌ஷன் இருக்கும்போது வேகவைத்த முட்டையோ ஆம்லெட்டோதான் பாதுகாப்பு.

முட்டை சாப்பிடாதவர்களா? சுண்டல், பச்சைப்பயறு, ஒரு டம்ளர் பால். 200 மில்லி பாலில் 6 கிராம் புரதம் இருக்கிறது.

டீ டைம்: சர்க்கரை இங்கேதான் ஏறுது

பனியன் கம்பெனிகளில் டீ டைம் என்பது வேலையில் ஒரு பகுதி. போகும் ஒவ்வொரு யூனிட்டிலும் "டீ சாப்பிடுங்க சார்" என்பார்கள். மறுக்கவும் முடியாது. ஒரு டீயில் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். நாலு டீ குடித்தால் 40 கிராம். ஒரு நாள் வரம்பான 25 கிராமை டீயே தாண்டிவிடுகிறது. பன், பிஸ்கட், கேக்கில் இருப்பது தனிக் கணக்கு.

என்ன செய்யலாம்? "அண்ணா, சர்க்கரை கம்மியா" என்று முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். ரெண்டு டீயை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் மோரோ தண்ணீரோ கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். சாப்பிட்ட உடனே டீ குடிக்க வேண்டாம். டீயில் இருக்கும் டானின், உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள் என்கிறது 2024 வழிகாட்டுதல். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லும் நிலையில், இது சின்ன விஷயம் இல்லை. கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை மாதிரி வைட்டமின் சி உள்ளவை இரும்புச்சத்தை உறிஞ்ச உதவும். மதியச் சாப்பாட்டோடு ஒரு கொய்யா போதும்.

மதியம்: மீல்ஸை எப்படிச் சாப்பிடணும்?

கையில் காசு கம்மி என்று லெமன் சாதம், தக்காளி சாதம் வாங்குகிறோம். ஆனால் காய், பருப்பு என்று பார்த்தால் டூரில் லாபமான சாப்பாடு சாதாரண சைவ மீல்ஸ்தான். சாம்பார், ரசம், மோர், ஒரு பொரியல், ஒரு கூட்டு எல்லாம் அதிலேயே வந்துவிடுகிறது. ஒரே தடவையில் இத்தனை காயும் பருப்பும் வேறு எந்தச் சாப்பாட்டிலும் இந்த விலைக்கு வராது.

நாம் செய்யும் தப்பு, அன்லிமிடெட் என்றதும் சாதத்தை மூன்று முறை வாங்குவது. அதற்குப் பதில்:

- முதலில் பொரியலையும் கூட்டையும் பாதியாவது சாப்பிட்டுவிட்டு சாதத்துக்குப் போங்க.
- சாதம் ஒரு முறை, மிஞ்சிப்போனால் ஒன்றரை. ரெண்டாவது முறை கேட்கிறதா இருந்தால் "பொரியல் கொஞ்சம் வைங்கண்ணா" என்று கேளுங்க.
- கடைசியில் மோர் அல்லது தயிர் கட்டாயம்.
- அப்பளம், ஊறுகாய் ரெண்டிலும் உப்பு அதிகம். பிபி உள்ளவர்கள் ஒதுக்கிவிடுவது நல்லது.

கொங்குப் பகுதி மெஸ்களில் கொள்ளு ரசம், கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைந்தது, தட்டைப்பயறு குழம்பு, அரிசியும்பருப்பு சாதம் கிடைத்தால் விடாதீர்கள். சிக்கன் வாங்கக் காசு இல்லாத நாளில் புரதத்துக்கு இந்த மண்ணே கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி இது. காய்ந்த கொள்ளில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது.

பார்சல் வாங்குபவர்களுக்கு ஒரு யோசனை. பல கடைகளில் ஒரு பார்சல் சாப்பாடு தாராளமாக இருக்கும். கூட வந்தவரோடு ஒரு பார்சலைப் பகிர்ந்துகொண்டு, மிச்சமாகும் காசில் ரெண்டு ஆம்லெட்டும் ரெண்டு தயிரும் வாங்கினால் ரெண்டு பேருக்கும் லாபம். முடிந்தால் ஒரு எவர்சில்வர் டப்பா வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கிற சாம்பாரை பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்குவதைத் தவிர்க்கலாம்.

ராத்திரி: பரோட்டாவுக்கு மாற்று என்ன?

பரோட்டா சாப்பிடவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் டூர் போன ஒவ்வொரு ராத்திரியும் பரோட்டா என்றால்தான் பிரச்னை. இரவு 10 மணிக்கு மைதா, எண்ணெய், காரச் சால்னா மூன்றையும் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வருவதில் ஆச்சரியம் இல்லை.

அதே தள்ளுவண்டிக் கடையில் இட்லி இருக்கும், தோசை இருக்கும். 2 தோசைக்குப் பதில் 1 முட்டை தோசையும் 2 இட்லியும் வாங்கலாம். சப்பாத்தி கிடைத்தால் குருமாவோடு 2 சப்பாத்தி, ஒரு ஆம்லெட். பரோட்டாதான் வேண்டுமென்றால் மூன்றை ரெண்டாக்கி, கூட ஒரு ஆம்லெட்டும் வெங்காயம், வெள்ளரிக்காயும். முடிந்த அளவு படுப்பதற்கு ரெண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். வேலை நீளும் என்று தெரிந்தால், 7 மணிக்கே சுண்டலோ வாழைப்பழமோ சாப்பிட்டு வைத்துக்கொண்டால் 10 மணிக்குப் பசிவெறியில் ஆர்டர் போட மாட்டீர்கள்.

கோவை, திருப்பூர் ரோட்டோரத்தில் பேர்போன காளானைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேர்தான் காளான். அதில் முட்டைக்கோஸும் மாவும் எண்ணெயில் பொரித்துப் போடப்படுகிறது. ருசிக்கு எப்போதாவது சாப்பிடலாம், ராத்திரிச் சாப்பாடாக வேண்டாம்.

கையில் காசே கம்மியா? இந்த ரெண்டு இடம் தெரிஞ்சு வெச்சுக்கோங்க

முதலாவது அம்மா உணவகம். 2013-ல் சென்னையில் தொடங்கி, பிறகு மற்ற மாநகராட்சிகளுக்கும் விரிவானது. திருப்பூரிலும் இருக்கிறது. தொடங்கியபோது வைத்த விலை இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். காலை 4 இட்லி, மதியம் ஒரு சாம்பார் சாதம், ஒரு தயிர் சாதம் என்றால் ரெண்டு வேளைக்கும் சேர்த்து 12 ரூபாய். இங்கே காயும் முட்டையும் குறைவு என்பது உண்மை. ஆனால் மிச்சமாகும் காசில் 2 முட்டை, 2 வாழைப்பழம், ஒரு கொய்யா வாங்கினாலும் அந்த நாள் செலவு ஒரு கடை மீல்ஸ் விலைக்குள்தான் நிற்கும்.

இரண்டாவது உழவர் சந்தை. 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. திருப்பூரில் வடக்கு, தெற்கு என ரெண்டு உழவர் சந்தைகள் இருக்கின்றன. விவசாயிகளே நேரடியாக விற்பதால் விலை கட்டுப்படியாகும், விலைப் பலகையும் இருக்கும். காலை நேரச் சந்தை என்பதால் சீக்கிரம் போக வேண்டும். சமைக்க வசதி இல்லை என்றாலும் தக்காளி, கேரட், வெள்ளரிக்காய், கொய்யா, வாழைப்பழம், நெல்லிக்காய் வாங்கி மூன்று நாளைக்குப் பையில் வைத்துக்கொள்ளலாம். பச்சையாகச் சாப்பிடுவதை நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும்.

பையில் என்ன இருக்கணும்?

ஊரில் இருந்து கிளம்பும்போதே 5 நாளைக்கு இவற்றைக் கட்டிக்கொண்டால், டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்க்கத் தேவை இருக்காது:

- வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கூட கொஞ்சம் வெல்லம். 50 கிராம் பொட்டுக்கடலையில் சுமார் 10 கிராம் புரதம்.
- எள்ளுருண்டை அல்லது கடலை மிட்டாய். இனிப்பு இருப்பதால் நாளைக்கு ஒன்று போதும்.
- வீட்டில் அரைத்த சத்துமாவு. லாட்ஜில் வெந்நீர் கிடைத்தால் கஞ்சி ரெடி. கேழ்வரகு சேர்ந்ததாக இருந்தால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும்.
- ஒரு ஸ்டீல் டப்பா, ஒரு ஸ்பூன், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், ஒரு மஞ்சப்பை.

எலெக்ட்ரிக் கெட்டில் எடுத்துப் போகலாமா? லாட்ஜில் முதலில் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் அனுமதிப்பதில்லை. அனுமதித்தால் வெந்நீரும் கஞ்சியும் ரூமிலேயே முடிந்துவிடும்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் ஒரு பிரச்னைதான்

ஃபீல்டில் இருக்கும் பெண்கள் பலர், வெளியே டாய்லெட் சரியில்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். இது சிறுநீர்த் தொற்றுக்கும் தலைவலிக்கும் மலச்சிக்கலுக்கும் வழி. ஒரு கம்பெனிக்குப் போனதும் வேலை ஆரம்பிக்கும் முன்பே டாய்லெட் எங்கே என்று கேட்டுவிடுங்கள். அடுத்த யூனிட்டுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை போய்விட்டு வந்தால், நாள் முழுக்கத் தண்ணீரை எண்ணிக் குடிக்க வேண்டியதில்லை.

பாட்டிலில் வடிகட்டிய தண்ணீரோ கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரோ நிரப்பிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டில் என்றால் மூடியின் சீல், தேதி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிம எண் மூன்றையும் பாருங்கள். வெயில் காலத்தில் இளநீர், மோர், கம்மங்கூழ் எல்லாம் நல்லவை. ஆனால் வண்டியில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாது. ஐஸ் இல்லாமல் கேளுங்கள்.

எந்தக் கடையில் சாப்பிடலாம்?

டூரில் ஒரு ஃபுட் பாய்சன் வந்தால் அந்த வாரம் மிச்சம் பிடித்த பேட்டா முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். ரெண்டு நாள் வேலையும் போகும். அதனால் கடையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை.

- கூட்டம் அதிகமாக, சரக்கு சீக்கிரம் காலியாகும் கடைக்குப் போங்க. அங்கே பழசு தங்காது.
- ஆவி பறக்கும் சூட்டில் பரிமாறுவதைச் சாப்பிடுங்க. சமைத்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே ஆறிக் கிடப்பதில் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெயில் நேரத்துத் தேங்காய்ச் சட்னியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுங்க.
- எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் பஜ்ஜியும் வேண்டாம், சில்லி சிக்கனும் வேண்டாம். பொரிக்கும் எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது.
- அச்சடித்த செய்தித்தாளில் வடை, பஜ்ஜி மடித்துக் கொடுக்கக் கூடாது என்பதும் விதிதான். அதில் இருக்கும் மை உணவில் ஒட்டும். வாழை இலையில் கேளுங்க.
- பளிச்சென்ற சிவப்பில் சிக்கன் இருந்தால் யோசிங்க. அதற்குச் செயற்கை நிறம் சேர்க்க அனுமதி இல்லை.
- பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை விதித்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகளால் வரும் ஆபத்துதான் காரணம். ஷவர்மா, கிரில் சிக்கன் வாங்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

கெட்டுப்போன உணவு கொடுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு புகார் அனுப்பலாம். கடைப் பெயர், இடம், நேரம் எழுதுங்கள், பில்லை வைத்திருங்கள்.

வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குறவங்களுக்கு

ஒரு ஆர்டர் முடியும்வரை மாதம் முழுக்கத் தங்குபவர்கள் தினமும் ஒரு கடை தேடுவதைவிட, மாச டோக்கன் போடும் மெஸ் ஒன்றைப் பிடிப்பது நல்லது. பணம் கட்டும் முன் ரெண்டு வேளை சாப்பிட்டுப் பாருங்கள். வாரத்தில் எத்தனை நாள் கீரை, எத்தனை நாள் முட்டை, என்ன எண்ணெய் என்று கேளுங்கள். இரவு வேலை முடிந்து தாமதமாக வந்தால் சாப்பாடு எடுத்து வைப்பார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் டோக்கன் காசும் போகும், பரோட்டாக் காசும் போகும்.

மூன்று, நான்கு பேர் ரூம் எடுத்துச் சமைப்பவர்கள், ஒரே குக்கரில் அரிசி, பருப்பு, காய் மூன்றையும் போட்டு அரிசியும்பருப்பு சாதம் செய்தால் 20 நிமிட வேலை. முருங்கைக்கீரை இந்த மாவட்டத்தில் தாராளம், அதிலும் ஒரு கைப்பிடி போடுங்கள்.

வட மாநிலத் தொழிலாளர்களிடம் இருந்தும் ஒரு விஷயம் கற்றுக்கொள்ளலாம். பீகார்க்காரர்கள் 'சத்து' என்று சொல்லும் வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பு, எலுமிச்சை, நறுக்கின வெங்காயம் போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அடுப்பே வேண்டாம், புரதமும் நார்ச்சத்தும் கிடைத்துவிடுகிறது. அந்த மாவு கிடைக்காவிட்டால் நம்ம ஊர்ப் பொட்டுக்கடலையைப் பொடி செய்துகொண்டாலே போதும்.

சுகர், பிபி இருக்கிறவங்க கவனத்துக்கு

இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு சொல்கிறது. அதனால் டூர் போகும் கூட்டத்திலும் சுகர் உள்ளவர்கள் கணிசமாக இருப்பார்கள்.

மாத்திரை போட்டுவிட்டு, "இந்த லாட் முடிச்சுட்டு சாப்பிடுறேன்" என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே குளுக்கோஸோ சர்க்கரையோ சாப்பிட வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் வைத்திருங்கள், கூட வேலை செய்பவரிடமும் சொல்லி வையுங்கள். உங்கள் மாத்திரைக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் உள்ள இடைவெளியை, டூருக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தக் கட்டுரையில் சொன்ன அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் டாக்டர் சொல்வதைக் கேட்பதே சரி.

திருப்பூரில் இருந்து வெளியூர் போறவங்களுக்கு?

லூதியானா, டெல்லி, கொல்கத்தா, மும்பை என்று சரக்கு வேலையாகப் போகும் திருப்பூர்க்காரர்களுக்கும் இதே கணக்குதான். இட்லி தேடி அலைந்து அதிக விலை கொடுப்பதைவிட, ரோட்டோர தாபாவில் பருப்பு, ரொட்டி, தயிர், நறுக்கின வெங்காயம் சாப்பிடுவது காசுக்கும் உடம்புக்கும் நல்லது. ராஜ்மா, சன்னா, முட்டைப் பொரியல் எல்லா ஊரிலும் கிடைக்கும். வெண்ணெய் தடவாத ரொட்டியாகக் கேளுங்கள்.

கம்பெனிகள் செய்யக்கூடியது என்ன?

எல்லாவற்றையும் சாப்பிடுகிறவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. இன்ஸ்பெக்‌ஷன் அட்டவணை போடும்போது மதியம் 1 மணிக்கு அரை மணி நேரம் ஒதுக்குவதற்கு யாருக்கும் செலவு இல்லை. டீயோடு பன், பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டலோ வேகவைத்த வேர்க்கடலையோ கொடுக்கும் யூனிட்டுக்கும் பெரிய செலவு கூடிவிடாது. பசியோடு செக்கிங் டேபிளில் நிற்பவர் கண்ணில் ஒரு ஓட்டை தப்பினால், அந்தக் கணக்கு பன் விலையைவிடப் பெரியது.

அடுத்த டூருக்கு முன் நினைவில் வைக்க ஐந்தே விஷயம்: தினமும் 2 முட்டை அல்லது ஒரு கப் சுண்டல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு பழம், மதியம் பொரியலோடு மீல்ஸ், சர்க்கரை கம்மியாக ரெண்டே டீ. பேட்டாவில் இதற்குப் போகும் கூடுதல் காசு 40, 50 ரூபாய் பக்கம்தான். வீட்டுக்கு மிச்சமும் கொண்டுபோகலாம், உடம்பையும் கெடாமல் கொண்டுபோகலாம்.